மொட்டை மாடியில் சைக்கிள் ஃபிரேமுக்கு ஸ்பிரே பெயிண்ட்: கழற்றுவது முதல் மாட்டுவது வரை

ஸ்பிரே கேனை அழுத்துவதற்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டில் பெயிண்ட் அடித்த சைக்கிள்கள் பல, அடுத்த மழைக்காலத்துக்குள் தோல் உரிந்து நிற்கின்றன. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் இதுவரை ஆறு ஃபிரேம்களுக்கு அடித்திருக்கிறேன். மற்றவர்கள் அடிப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனவற்றில் பெயிண்டின் மீது குற்றம் சொல்லும்படி எதுவும் இருந்ததில்லை. முதலில் செய்ய வேண்டியதைப் பிறகு செய்திருப்பார்கள், அல்லது நாளை மறுநாள் செய்ய வேண்டியதை இன்றைக்கே செய்திருப்பார்கள்.

கீழே சொல்லியிருப்பது இரும்புக் குழாய் ஃபிரேமுக்கானது. பழைய கருப்பு வண்டி, லேடீஸ் சைக்கிள், கியர் வைத்த பழைய வண்டி எல்லாம் இதில் அடங்கும். உங்களுடையது எது என்று சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அதற்கு முதல் பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் அடிக்கும் அடிப்பூச்சு, மட்டும் மாறும், அந்த இடத்தில் சொல்கிறேன். கார்பன் ஃபிரேமை வீட்டில் தேய்க்க வேண்டாம்.

1. நாளையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

கைவேலை நான்கு நாள்தான். காத்திருக்கும் நாள்களையும் சேர்த்தால் இரண்டு வாரம் ஓடிவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போக இந்த வண்டிதான் வேண்டும் என்றால் சனிக்கிழமை தொடங்காதீர்கள். அவசரத்தில் கெட்ட ஃபிரேம்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை இந்த வேலைக்குத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரம், ஈரமான பூச்சின் மேல் படிந்து பளபளப்பைக் கொன்றுவிடும். ஆடியில் காற்று. அம்மியைப் பறக்கவிடும் காற்று ஸ்பிரே தூறலை விட்டுவைக்குமா? சித்திரை மதியத்தில் குழாயே சுடும். பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து மணல் கொட்டியதுபோல ஆகிவிடும்.

ஒரு நாளுக்குள் என்றால் காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை. பனி உலர்ந்திருக்கும், இரும்பு இன்னும் சூடேறியிருக்காது. மாலையில் அடிக்காதீர்கள். விளக்கு போட்டதும் பூச்சிகள் தேடி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் என்றால் ஈசலே வரும்.

இடம் திறந்த வெளியாக, ஆனால் நிழலாக இருக்க வேண்டும். படிக்கட்டுக் கூடம், சமையலறைக்கு அடுத்த வராந்தா இரண்டும் வேண்டாம். கேனுக்குள் பெயிண்டைத் தள்ளும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. விளக்கேற்றிய பூஜை மாடமோ எரியும் அடுப்போ பக்கத்தில் இருக்கக் கூடாது. கொடியில் துணி காய்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு, புது வேட்டி வாங்கிக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

2. வாங்க வேண்டியவை

ஃபிரேமுக்கும் முன் ஃபோர்க்குக்கும் சேர்த்து, 400 மில்லி அளவு கேன்களில் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் ஒன்று. நிறத்தில் இன்னொரு கேன் கூடுதலாக வாங்கி வையுங்கள். பாதி வேலையில் தீர்ந்து, மறுநாள் வாங்கிய கேனில் அதே சிவப்பு கொஞ்சம் வேறு சிவப்பாக இருந்த கதை நிறைய உண்டு.

மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வகையாக இருக்கட்டும். எனாமலின் மேல் வேறு வகை லேக்கரை அடித்தால், மேல் பூச்சின் கரைப்பான் கீழ்ப் பூச்சைக் கிளப்பிவிடும். சுட்ட அப்பளம்போல மேற்பரப்பு சுருங்கி எழும்பும். அதற்கு மருந்து கிடையாது, இரும்பு வரை தேய்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

உப்புத்தாள்: 120, 220 எண்களில் துணி முதுகுள்ள எமரி, 400, 600 எண்களில் வாட்டர் பேப்பர். இவற்றுடன் கம்பி பிரஷ், தின்னர், மண்ணெண்ணெய், பாத்திரம் தேய்க்கும் திரவம், பனியன் வேஸ்ட், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், புது கிரீஸ். சீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தைச் சற்று குறைத்தாவது நல்ல முகக் கவசம் வாங்குங்கள். துணி மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த கவசம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. கண்ணாடியும் கையுறையும் கூட வேண்டும்.

கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை கிளியரைக் கடைக்காரர் காட்டலாம். உழைப்பில் அதுவே மேல். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, மூச்சுக்குழாய்க்குக் கேடு. மாடியில் நின்று அடிக்கிற பொருள் அல்ல அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் மூட்டை ஏற்றும் வண்டி, கடற்கரை ஊரில் வெளியிலேயே நிற்கும் வண்டி என்றால், பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு இறுக்கும் அந்தப் பூச்சின் கடினம் கேனுக்கு வராது.

3. முழுதாகக் கழற்றுங்கள்

சக்கரத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் செய்தித்தாளால் சுற்றி அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மட்கார்டு கம்பி உட்காரும் இடம், ஸ்டாண்டு பிடிக்கும் இடம், சீட் கிளிப்பின் அடி ஆகியவற்றில்தான் துரு ஒளிந்திருக்கும். கழற்றாமல் அது கண்ணில் படாது.

கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் கம்பி எந்தப் பக்கமாகப் போயிற்று என்பது பத்து நாள் கழித்து நினைவில் இருக்காது. ஒவ்வோர் இடத்து நட்டு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதுங்கள். பேரிங் குண்டுகளுக்கு இது மிகவும் முக்கியம். ஹேண்டிலில் இருப்பவையும் பெடல் அச்சில் இருப்பவையும் வேறு வேறு அளவு.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ‘இறுகிவிட்டது’ என்று எதிர்த் திசையில் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பவர்கள் அதை மேலும் இறுக்குகிறார்கள்.

இரண்டாவது, பழைய வண்டிகளில் பெடல் மாட்டும் கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆணிபோன்ற காட்டர் பின். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிப் பின் வீணாகும். நட்டைத் தளர்த்தி, மரையின் நுனிக்குச் சமமாக விட்டு, மேலே மரக்கட்டை வைத்து ஒரே அடியாக அடியுங்கள். அப்போதும் அசையாவிட்டால் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், அவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, பெடல் அச்சு செல்லும் கூட்டில் செயின் பக்கம் இருக்கும் கப். நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் அதுவும் தலைகீழ் மரைதான், வருடக்கணக்கில் இறுகியிருக்கும். அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. இடது கப்பையும் அச்சையும் எடுத்துவிட்டு, வலது கப்பை அப்படியே விட்டு டேப் ஒட்டி மறைத்தால் போதும். ஹேண்டில் நுழையும் முன்பக்கக் குழாயின் மேலும் கீழும் அழுந்தி உட்கார்ந்திருக்கும் கப்புகளையும் இதேபோல விட்டுவிடலாம். தட்டி எடுத்தால், திரும்பச் சாய்வில்லாமல் உட்கார வைப்பது பெரிய பாடு.

வெறும் ஃபிரேம் கையில் இருக்கும்போது, துருப்பிடித்த இடங்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், முக்கியமாகப் பெடல் கூட்டின் அடியிலும் பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்களிலும். உள்ளே அமிழ்ந்தாலோ, இணைப்பில் முடிபோல விரிசல் தெரிந்தாலோ பெயிண்ட் வேலையை நிறுத்துங்கள். அது வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டிய ஃபிரேம். விரிசலைப் பட்டி (குழியை நிரப்பும் பசை) வைத்து மூடினால், அது உள்ளே வளர்வது யாருக்கும் தெரியாமல் போகும்.

4. தேய்ப்பதற்கு முன் எண்ணெயை எடுங்கள்

இந்த வரிசையை மாற்றவே கூடாது. எண்ணெய் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், தாள் கிழிக்கும் கோடுகளுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு எத்தனை முறை துடைத்தாலும் முழுதாக வராது. என் முதல் ஃபிரேமில் பெடல் கூட்டைச் சுற்றி நான் செய்தது இதுதான். இரண்டே மாதத்தில் அந்தப் பகுதி மட்டும் வெந்த வாழைக்காய்த் தோல்போல முழுசாகக் கழன்று வந்தது.

முதலில் கம்பி பிரஷும் பழைய டூத் பிரஷும் மண்ணெண்ணெயும். செயின் ஓடும் பக்கத்தில் படிந்த கருப்புப் பிசுக்கை இவற்றால் எடுங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே! பிசுக்கைக் கரைத்துவிட்டுத் தானும் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும். அதை எடுக்கப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வெந்நீரும் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும்.

சுத்தமானதா என்று அறிய ஒரு சொம்புத் தண்ணீரைக் குழாயின் மேல் ஊற்றுங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் படலமாகப் பரவினால் சரி. தாமரை இலைத் தண்ணீர்போல முத்து முத்தாகப் பிரிந்து உருண்டால் அங்கே எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

சீட் குழாய் வழியாக உள்ளே போன தண்ணீரை, ஃபிரேமைக் கவிழ்த்து வடித்துவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். இல்லையென்றால் ஸ்பிரே செய்யும்போது ஏதோ ஒரு துளையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகி வந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

இதன்பின் ஃபிரேமைக் கையுறையோடு மட்டும் தொடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொட்ட இடம், பெயிண்ட் அடித்ததும் ரேகை ரேகையாகத் தெரியும். சிலிக்கான் கலந்த பாலிஷ்களை அந்த மாடிக்கே கொண்டுவராதீர்கள்.

5. தேய்த்தல்

பழைய பெயிண்ட் முழுவதையும் எடுத்தால்தான் சரி என்று பலர் இரண்டு நாள் மல்லுக்கட்டுகிறார்கள். தேவையில்லை. இரும்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்ட், புதுப் பூச்சுக்கு நல்ல அடித்தளம். பிடித்திருக்கிறதா என்று அறிய, பிளேடால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். டேப்போடு வந்துவிட்டால் அந்தப் பகுதியில் இரும்பு வரை போங்கள்.

துரு இருக்கும் இடத்தில் இந்தச் சலுகை கிடையாது. வெள்ளி நிறம் தெரியும்வரை 120 எமரியால் எடுக்க வேண்டும். துருவின் மேல் அடித்த பெயிண்டுக்குக் கீழே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் கொப்புளமாக எழும்பி வெளியே வரும்.

தேய்க்கும் விதமும் முக்கியம். விரல் நுனியில் தாளை வைத்து ஒரே இடத்தில் தேய்த்தால் உருண்டைக் குழாயில் தட்டையும் பள்ளமும் விழும். துணி முதுகுள்ள எமரியை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, குழாயைச் சுற்றிப் போட்டு, குளித்த பின் துண்டின் இரு முனைகளையும் பிடித்து முதுகு துடைப்பதுபோல இழுங்கள். குழாயின் வட்டம் கெடாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

120 முடிந்ததும் 220. பெயிண்ட் உதிர்ந்த இடத்துக்கும் உதிராத இடத்துக்கும் நடுவே ஒரு படி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால், அந்தப் படி தட்டுப்படாத வரை தேய்க்க வேண்டும். ‘மேலே பெயிண்ட் வந்தால் மறைந்துவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு, பளபளப்பு வந்ததும் அந்தப் படி பளிச்சென்று தெரியும். கடைசியாக 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒருமுறை. தேய்த்ததும் துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். திறந்த இரும்பு ஈரத்தோடு அரை மணி நேரம் இருந்தால் ஆரஞ்சு நிறம் பூத்துவிடும்.

பழைய வண்டியின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயிண்டை முடிந்தவரை நனைத்தே தேயுங்கள், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள், தேய்த்த கழிவைச் செடித் தொட்டியில் கொட்டாதீர்கள்.

பெயிண்ட் ரிமூவர் திரவம் எனக்குப் பிடிப்பதில்லை. குழாய்கள் சேரும் இணைப்புகளின் இடுக்கில் அது தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் ஒரு துளி பின்னால் கசிந்து வந்து புதுப் பூச்சைத் தின்னும். குரோம் பூசிய பாகங்களை அப்படியே விட்டுவிடுங்கள், வழவழப்பான குரோமில் பெயிண்ட் பிடித்து நிற்காது.

6. பட்டி பார்த்தல்

துரு தின்ற குழிகளும் சின்ன நசுங்கலும் இருந்தால் மட்டும் இந்தப் படி. கார்களுக்குப் பட்டி பார்க்கப் பயன்படும் கலவைப் பட்டியை, திறந்த இரும்பின் மேல் மெல்லியதாக இழுத்துவிட்டு, இறுகியதும் 220, பிறகு 400. ஒரேயடியாகத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். இரண்டு தடவையாக வையுங்கள்.

ஃபிரேம் நம்பர் பொறித்திருக்கும் இடத்தில், பெரும்பாலும் பெடல் கூட்டின் அடியில் அல்லது சீட் குழாயில், பட்டி வைக்காதீர்கள். வண்டி திருட்டுப் போனால் போலீஸ் புகாரில் எழுத இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். அந்த எண்ணை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

7. மறைப்பதும் தொங்கவிடுவதும்

மரை உள்ள எந்த இடத்திலும் பெயிண்ட் போகக் கூடாது. பெடல் கூட்டின் இரு வாயிலும் செய்தித்தாளைச் சுருட்டி இறுக்கமாகச் செருகுங்கள். முன் குழாய்க் கப்புகள், ஃபோர்க்கின் மேல் மரை, சீட் குழாயின் உட்புறம் ஆகியவற்றுக்கு மாஸ்கிங் டேப். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் அடியில் நுழையும்.

எல்லோரும் மறக்கும் இடம், சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவுகள். அங்கே தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் நட்டு அதன் மேல் இறுகும். ஓடும்போது பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும், சக்கரம் ஒரு பக்கம் இழுத்து ஃபிரேமில் உரசும். அந்த நான்கு முகங்களையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

ஃபிரேமைத் தரையில் சாய்த்து வைத்து அடிப்பவர்கள், ஒரு பக்கம் அடித்துவிட்டுத் திருப்பும்போது ஈரத்தில் கை வைக்கிறார்கள். முன் குழாயின் வழியாக ஒரு கயிறு, பின்பக்கப் பிளவில் ஒரு கயிறு கட்டி, நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். சீட் குழாய்க்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகிவிட்டால் அதைப் பிடித்து எந்தப் பக்கமும் திருப்பலாம். மரத்தடியில் தொங்கவிட வேண்டாம். இலையும் காக்கையும் உங்கள் அட்டவணையைப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

தரையில் தண்ணீர் தெளியுங்கள், தூசி எழும்பாது. கடைசியாகத் தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே திசையில் வேகமாகத் துடைத்துச் செல்லுங்கள். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் பழைய பெயிண்ட் இளகிவிடலாம்.

8. பிரைமர்

இரும்பு வெளியே தெரியும்படி ஒரு இரவு விடாதீர்கள். தேய்த்த அன்றே பிரைமர் விழ வேண்டும், கடற்கரையை ஒட்டிய ஊர் என்றால் இன்னும் சீக்கிரம்.

அலுமினிய ஃபிரேமாக இருந்தால் சாதாரண பிரைமர் நேரடியாகப் பிடிக்காது. உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்கி முதலில் அடியுங்கள். இரும்புக்குச் சாம்பல் நிறப் பிரைமர் எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகும். மஞ்சளோ ஆரஞ்சோ அடிக்கப்போகிறீர்கள் என்றால் வெள்ளைப் பிரைமர் வாங்குங்கள். அந்த நிறங்கள் கீழே இருப்பதை எளிதில் மறைக்காது. சிவப்பு ஆக்சைடு பிரைமரின் மேல் அடித்த மஞ்சள் கடைசிவரை அழுக்காகவே தெரியும்.

இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் பத்து நிமிடம். அடிக்கும் முறை அடுத்த பகுதியில் இருக்கிறது, பிரைமருக்கும் அதேதான். ஒரு இரவு காயவிட்டு, 600 வாட்டர் பேப்பரால் மென்மையாகத் தேயுங்கள். ஓரங்களில் இரும்பு எட்டிப் பார்த்தால் அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப அடியுங்கள். விட்டுப்போன குழி, கீறல் எல்லாம் இப்போது ஒரே நிறத்தில் தெளிவாகத் தெரியும். சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு.

9. நிறம்

கேனைக் குலுக்குங்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம். நிறமி அடியில் படிந்திருக்கும். அரைகுறையாகக் குலுக்கினால் முதலில் நீர்த்தும் பிறகு கெட்டியாகவும் வரும். அட்டையில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டே ஃபிரேம் பக்கம் திரும்புங்கள்.

தூரம் ஒரு சாண், 20 முதல் 25 செ.மீ. வரை. அதைவிட நெருங்கினால் ஒழுகும், விலகினால் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகும். மணிக்கட்டை ஆட்டினால் இந்தத் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். முழங்கையும் தோளும் சேர்ந்து குழாய்க்கு இணையாக நகர வேண்டும். குழாய் தொடங்கும் முன்பே பொத்தானை அழுத்தி, குழாயைத் தாண்டிய பிறகு விடுங்கள். அழுத்தும் நொடியிலும் விடும் நொடியிலும் பெரிய துளிகள் விழும், அவை ஃபிரேமுக்கு வெளியே விழட்டும்.

எங்கிருந்து தொடங்குவது? புதியவர்கள் எல்லோரும் கண்ணுக்கு நேராக இருக்கும் மேல் பாரில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசியாக வர வேண்டியது. இணைப்புகளின் உள்மடிப்பு, பெடல் கூட்டின் பின்புறம், பின்சக்கரக் குழாய்களின் நடு இடைவெளி, அடிப்பக்கம் ஆகிய எட்டாத மூலைகளை முதலில் முடியுங்கள். கடைசியில் அவற்றுக்குப் போனால் தூறல் தெறித்து, ஏற்கெனவே ஈரமாகப் பளபளக்கும் பாரின் மேல் பொடியாக விழுந்து மங்கவைக்கும்.

பிறகு நீளக் குழாய்கள். ஒரு குழாய்க்கு இடப்பக்கம், வலப்பக்கம், மேல்புறம் என்று மூன்று ஓட்டம், ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி.

முதல் பூச்சு, புழுதி படிந்த சைக்கிள்போல இருக்கட்டும். அடியில் பிரைமர் தெரிய வேண்டும். ஆசை அடங்காமல் இங்கேயே முழுதாக மறைக்கப் பார்ப்பவர்கள்தான் ஒழுக விடுகிறார்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, அதில் முக்கால்வாசி மறையும். மூன்றாவதில் முழு நிறம். நான்காவது தேவைப்பட்டால், அதைச் சற்று மெதுவாக, மேற்பரப்பு ஈரமாக மின்னும் அளவுக்கு அடியுங்கள்.

இடையே விடும் நேரத்துக்குக் கேனில் எழுதியிருப்பதே சட்டம். பல எனாமல் கேன்களில் ‘ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 24 மணி நேரத்துக்குப் பிறகு’ என்று இருக்கும். காரணம் இல்லாமல் அல்ல. நடுவில் மேல் தோல் மட்டும் காய்ந்து, உள்ளே இளகிக் கிடக்கும். அப்போது மேலே அடித்தால் சுருக்கம் விழும். காலையில் இரண்டு பூச்சு அடித்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலை மூன்றாவது அடித்த கல்லூரி மாணவர் ஒருவர், முழு ஃபிரேமையும் திரும்பத் தேய்த்தார்.

கேனைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வாயு மட்டும் வரும். அடிப்பக்கத்துக்குக் கேனைச் சாய்ப்பதற்குப் பதிலாக ஃபிரேமைத் திருப்புங்கள். தொடர்ந்து அடித்தால் கேன் குளிர்ந்து அழுத்தம் குறையும், துளி துளியாகத் துப்பும். இரண்டு கேன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சூடேற்ற நினைத்து அடுப்புப் பக்கமோ கொதிநீரிலோ வைத்தால் கேன் வெடிக்கும். கேனின் மூக்கில் துளி சேர்ந்தால் உடனே துணியால் துடையுங்கள்.

10. கெட்டுப்போனால்

ஒழுகிவிட்டதா? விரல் வைக்காதீர்கள், துணியும் வேண்டாம். ஈரத்தில் தொட்டால் ஒரு சொட்டு ஒரு கை அகலமாகும். இரண்டு நாள் காயவிட்டு, 600 தாளைச் சின்ன மரத்துண்டில் சுற்றி, சொட்டை மட்டும் தட்டையாக்கி, மேலே ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். பூச்சி ஒட்டினாலும் இதே வைத்தியம். ஈரத்தில் அதைப் பிடுங்கப் போனால் காலும் இறக்கையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

மணல்போலச் சொரசொரத்தால் தூரமோ வெயிலோ காரணம். காய்ந்த பின் தேய்த்து, நிழலில், நெருங்கி ஒரு பூச்சு. பால் படர்ந்ததுபோல வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம். வெயிலடிக்கும் உலர்ந்த நாளில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் தெளியும்.

பெயிண்ட் ஓர் இடத்தில் மட்டும் கண் கண்ணாக விலகி ஓடினால் அது எண்ணெய் அல்லது சிலிக்கான். மேலே மேலே அடித்து நிரப்ப முடியாது. அந்த இடத்தைக் கீழ்வரை எடுத்து, கழுவி, நான்காம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

11. ஸ்டிக்கரும் கிளியரும்

ஸ்டிக்கர் ஒட்டுவதானால் நிறம் காய்ந்து ஒரு நாள் கழித்து, கிளியருக்கு முன். மேலே கிளியர் வந்தால் ஓரம் கிளம்பாது. கிளியரும் மெல்லிய மூன்று பூச்சு. நிறத்தில் அதே கம்பெனி, அதே இடைவெளி விதி. கிளியரில் ஒழுகல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

12. காத்திருங்கள், பிறகு மாட்டுங்கள்

அரை மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. மறுநாள் கையில் எடுக்கலாம். ஆனால் இறுகியிருக்காது. நல்ல ஃபிரேம்கள் பாழாவது இந்த இடத்தில்தான். மறுநாளே ஸ்டாண்டையும் கேரியரையும் முடுக்கினால், கிளிப்பின் அடியில் பெயிண்ட் வெண்ணெய்போலப் பிதுங்கும். ஏழு நாளாவது தொங்கட்டும், பத்து நாள் என்றால் இன்னும் நல்லது. பெடல் கூட்டின் அடியில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் மூன்று நாள். மாஸ்கிங் டேப்பை மட்டும் இவ்வளவு நாள் விடாதீர்கள். கடைசிப் பூச்சு அடித்த சில மணி நேரத்துக்குள், சாய்வாகப் பின்னோக்கி மடக்கி மெதுவாக உரித்துவிடுங்கள்.

மாட்டும்போது ஸ்டாண்டு, கேரியர், மணி என எது கிளிப் போட்டுப் பிடித்தாலும், அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றுங்கள். பேரிங் குண்டுகளைப் புதிதாக வாங்குங்கள், பழையதில் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று அளவு பார்த்து. மரைகளிலும் சீட் கம்பியிலும் கிரீஸ் தடவுங்கள். தெருவில் இறங்கும் முன், வண்டியைத் தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், சக்கர நட்டுகளை இன்னொரு முறை முடுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகும் ஒருமுறை.

முதல் கீறல் சீக்கிரமே விழும், செயின் பக்கத்தில்தான் விழும். மீந்த கேனிலிருந்து அதன் மூடிக்குள் கொஞ்சம் அடித்து, பல் குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வையுங்கள். இதற்காகவே, வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாக்கி, வெறும் வாயு வரும்வரை அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் அது அடைத்துக்கொண்டிருக்கும்.

காலியான கேனில் ஆணி அடிக்காதீர்கள், போகியன்று பழைய பாயோடு சேர்த்து நெருப்பிலும் போட்டுவிடாதீர்கள். காலி என்று நாம் நினைக்கும் கேனிலும் வாயு இருக்கும்.